கழித்துப் பெறும் பளபளப்பு

காரின் பெயிண்ட்டைச் சீராக்கித் தருகிறவரிடம் உரிமையாளர்கள் முதலில் கேட்பது, வேலை முடிந்த பிறகு வண்டி எவ்வளவு பளபளக்கும் என்பதுதான். இந்தத் தொழிலில் பல காலம் இருந்த பிறகும் அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பளபளப்பு என்று கண்ணுக்குத் தெரிவது, ஒரு மெல்லிய படலத்தைத் தேய்த்துக் குறைப்பதால் கிடைப்பது. அந்தப் படலம் தொழிற்சாலையில் ஒரே ஒரு முறை ஏற்றப்பட்டது. தேய்ந்த பிறகு திரும்ப வளராது. ஆகவே, எவ்வளவு மிச்சம் இருக்கிறது, அதில் எவ்வளவை எடுக்கலாம் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பாலிஷ் மெஷினைக் கையில் எடுப்பது முறையில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இன்றைய கார்களின் உலோகத் தகட்டின் மேல் பொதுவாக நான்கு அடுக்குகள் இருக்கின்றன. தகட்டைத் தொட்டியில் மூழ்கவைத்து மின்சாரத்தின் உதவியால் படியவைக்கும் துருத்தடுப்புப் பூச்சு அடியில் இருக்கும். அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறத்தைத் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். நான்கும் சேர்ந்தே பெரும்பாலான வண்டிகளில் 90 முதல் 150 மைக்ரான் வரைதான் வரும்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். மனிதத் தலைமயிர் ஒன்றின் பருமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பார்த்தால், நாம் மெஷினை ஓட்டுவது எவ்வளவு மெல்லிய பொருளின் மேல் என்பது விளங்கும். வெயிலின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சிக்கொள்ளும் சேர்மங்கள் இந்தக் கிளியர் கோட்டுக்குள்தான் கலந்திருக்கின்றன. அளவுக்கு மேல் தேய்த்த வண்டி அன்றைக்கு அழகாகவே இருக்கும். பிறகு வெயில் பட்டுப்பட்டு, மேற்கூரையிலும் பானட்டிலும் கிளியர் கோட் வெளுத்து, ஏடு ஏடாகக் கழன்று வரத் தொடங்கும். அந்த நிலைக்கு வந்த பெயிண்ட்டைப் பாலிஷ் போட்டு மீட்க வழியே இல்லை. மறுபடி பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டும்.

எனவே என் வேலை பெயிண்ட் கேஜில் தொடங்குகிறது. இரும்புத் தகட்டின் மேல் காந்தத் தூண்டல் முறையிலும், அலுமினியத்தின் மேல் சுழல் மின்னோட்ட முறையிலும் இந்தச் சிறு கருவி பூச்சின் மொத்தக் கனத்தை அளந்து சொல்கிறது. பிளாஸ்டிக் பம்பரின் மேல் வழக்கமான கேஜ் எதையும் காட்டாது. அதற்கு மீயொலியால் அளக்கும் வேறு வகைக் கருவி தேவை. ஒவ்வொரு கதவிலும் பல இடங்களில் வைத்துப் பார்த்து, ஒரு தாளில் வண்டியின் படம் வரைந்து எண்களைக் குறித்துக்கொண்டே போவேன். ஒரு கதவில் 110, 115, 112 என்று வந்துகொண்டிருந்த அளவு பக்கத்துக் கதவில் 240 என்று தாவினால் அங்கே மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஆயிரத்தைத் தாண்டினால் அடியில் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். பழைய வண்டி வாங்கியவர்கள் பலருக்குத் தங்கள் வண்டியின் விபத்து வரலாறு இப்படித்தான் தெரியவருகிறது. ஆனால், கனமான அளவைவிட மெலிந்த அளவுதான் என்னை அதிகம் நிதானிக்க வைக்கிறது. சுற்றிலும் 110 இருக்க ஓரிடத்தில் மட்டும் 80 காட்டினால், அந்த இடத்தை யாரோ ஏற்கெனவே கடுமையாகத் தேய்த்திருக்க வாய்ப்பு அதிகம். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: சாதாரண கேஜ் சொல்வது நான்கு அடுக்குகளின் மொத்தக் கனத்தை, கிளியர் கோட் மட்டும் எவ்வளவு என்பதை அது பிரித்துச் சொல்லாது. 120 என்ற எண்ணைப் பார்த்துவிட்டுத் தாராளமாக இருக்கிறது என்று முடிவுகட்டுவது தவறு.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது கீறல்களை. நிழலில் நிறுத்திய கறுப்புக் காரில் ஒன்றும் தெரியாது. எல்.இ.டி. விளக்கொன்றைப் பானட்டின் மேல் பிடித்தால், விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்டவட்டமாக மயிரிழைக் கோடுகள் சூழ்ந்து நிற்கும். இதைத்தான் ஸ்வர்ல் என்கிறோம். வட்டமாகத் தெரிவதால், யாரோ துணியை வட்டமாகச் சுழற்றித் துடைத்ததால் வந்தது என்று பலர் நம்புகிறார்கள். விளக்கை ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் வட்டங்களும் கூடவே நகர்வதைக் காணலாம். கீறல்கள் உண்மையில் எல்லாத் திசைகளிலும் குறுக்கும் நெடுக்குமாகச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் ஒளி வரும் திசைக்குக் குறுக்காக அமைந்தவை மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன. விளக்கைச் சுற்றி அப்படி அமைந்தவற்றையெல்லாம் கண் சேர்த்துப் பார்ப்பதால் வட்டமாகத் தோன்றுகிறது. மேற்பரப்பு மட்டமாக இருந்தால் ஒளி ஒழுங்காகத் திரும்பி, வானமும் மரக்கிளையும் கூர்மையாகப் பிரதிபலிக்கும். ஆயிரக்கணக்கான நுண்கீறல்களின் விளிம்புகள் அந்த ஒளியைச் சிதறடிக்கும்போது அதே பெயிண்ட்டின் மேல் சாம்பல் பூத்த மாதிரி ஒரு மங்கல் படிகிறது. கறுப்பு, கருநீலம், அடர்சிவப்பு வண்டிகளில் இது கண்ணை உறுத்தும். வெள்ளையிலும் வெள்ளியிலும் அதே அளவு கீறல் இருந்தாலும் எளிதில் தெரியாது.

இந்தக் கீறல்களில் மிகப் பெரும்பங்கு ஓடும்போது விழுந்தவை இல்லை. கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுந்தவை. காலையில் வண்டியை எடுக்கும் முன் உலர்ந்த துணியால் தூசி தட்டும் பழக்கத்தைப் போலப் பெயிண்ட்டுக்குக் கெடுதல் செய்வது வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தூசியில் குவார்ட்ஸ் மணல் துகள்கள் இருக்கின்றன. அவை கிளியர் கோட்டைவிடப் பலமடங்கு கடினமானவை. உலர்ந்த துணி அவற்றை அகற்றுவதற்குப் பதிலாக, அழுத்திப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. ஒரே வாளித் தண்ணீரில் முக்கி முக்கித் துடைப்பதும் இதே வேலையைச் செய்கிறது. அதனால் வண்டியைத் தொடுவதற்கு முன்பே தண்ணீரைப் பீய்ச்சி, நுரையைப் படியவிட்டு, தளர்ந்த மண்ணைக் கழுவித் தள்ளிவிட வேண்டும். அதன் பிறகு ஷாம்பு நீருக்கு ஒரு வாளி, வண்டியைத் தேய்க்கும் கையுறையை அலசுவதற்கு இன்னொரு வாளி. அலசும் வாளியின் அடியில் ஒரு சல்லடைத் தட்டைப் போட்டுவிட்டால் அடியில் இறங்கிய மணல் மறுபடி மேலே கிளம்பாது. மேற்கூரையிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி வர வேண்டும். கதவின் அடிப்பாகமும் பின்பம்பரும் கடைசியில்தான். சக்கரங்களுக்குத் தனி வாளி, தனித் துணி. வெயிலில் சுட்டுக் கிடக்கும் தகட்டைக் கழுவக் கூடாது. இவ்வளவையும் சொல்லும்போது சிலருக்கு அலுப்பாக இருக்கிறது என்பது தெரியும். ஆனால் இதைக் கற்றுக்கொள்ளாதவரின் வண்டியைத் திருத்திக் கொடுத்தால், ஓரிரு மாதங்களில் அது பழைய நிலைக்கே திரும்பும். அடுத்த முறை திருத்துவதற்குக் கிளியர் கோட் அந்த அளவுக்குக் குறைந்திருக்கும்.

கழுவி முடித்த வண்டி சுத்தமாகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவினால், வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு தெரியும். பிரேக்கிலிருந்து பறக்கும் சூடான இரும்புத் துகள்கள், தார், மரப்பிசின் எல்லாம் கிளியர் கோட்டில் பதிந்திருக்கும். இரும்புக்கென்று இருக்கும் திரவத்தைத் தெளித்தால், வெள்ளை வண்டியின் கதவில் சிறு சிறு புள்ளிகளாக ஊதா நிறம் கிளம்பிக் கோடுகோடாக வழியும். அதிலுள்ள தயோகிளைகோலேட் என்ற வேதிப்பொருள் இரும்போடு வினைபுரிந்து கரையக்கூடியதாக மாற்றுவதால் வரும் நிறம் அது. நாற்றம் கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கும். காயவிடாமல் அலசிவிட வேண்டும். அதற்கும் மசியாத படிவுகளைக் களிமண் போன்ற கிளே கட்டியால், வழுக்கும் திரவம் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் உருட்டியெடுக்கலாம். கட்டி தரையில் விழுந்தால் அதைக் கழுவிப் பயன்படுத்தும் எண்ணமே வரக் கூடாது. தூக்கிப் போட்டுவிட வேண்டும். கிளேயும் தன் பங்குக்கு நுண்ணிய தேய்மானத் தடங்களை விடும் என்பதால், பாலிஷ் போடும் உத்தேசம் இல்லாத வண்டியில் அதைக் கட்டாயமின்றிப் பயன்படுத்துவதில்லை.

இனி மெஷின் வேலை. நம்மிடம் உள்ளவற்றில் மிக மென்மையான பேடையும் (மெஷினின் முனையில் பொருத்தும் மெத்தை) மிக மென்மையான பாலிஷையும் வைத்து, பானட்டின் ஒரு சிறு பகுதியில் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். அது போதவில்லை என்றால்தான் ஒரு படி ஏற வேண்டும்: ஃபோம் பேடிலிருந்து மைக்ரோஃபைபர் பேடுக்கு, பாலிஷிலிருந்து அதைவிடக் கடுமையாகத் தேய்க்கும் காம்பவுண்டுக்கு. கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியில் நிறத்துக்கு நிறம் கிளியர் கோட்டின் கடினம் மாறும். ஒரு வண்டியில் ஒரே ஓட்டத்தில் போன கீறல், இன்னொன்றில் காம்பவுண்டு போட்டும் அசையாது. மிக மென்மையான கிளியர் கோட்டில் நேர்மாறான தொல்லை உண்டு. கீறல் உடனே போய்விடும், ஆனால் பேடே புதிய மங்கலை விட்டுவிட்டுப் போகும். இந்தச் சோதனைக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் அதை வீண் என்று நான் நினைப்பதில்லை. மீதி வண்டி முழுவதும் எப்படிப் போக வேண்டும் என்பது அந்த ஒரு முழ இடத்தில் தெரிந்துவிடுகிறது.

நான் பெரும்பாலும் டூயல் ஆக்‌ஷன் மெஷினையே பயன்படுத்துகிறேன். ரோட்டரி மெஷின் ஒரே அச்சில் சுழல்வதால் வேகமாக வெட்டும், வேகமாகச் சூடும் ஏற்றும். கை தேர்ந்தவரிடம் அது சிறந்த கருவி, மற்றவர்களிடம் ஹாலோகிராம் என்று நாங்கள் சொல்லும் வளைந்த ஒளித்தடங்களை வண்டி முழுவதும் விட்டுவிடும். டூயல் ஆக்‌ஷனில் பேட் சுழல்வதோடு மையம் விலகிய ஒரு பாதையிலும் சுற்றுவதால் சூடு ஓரிடத்தில் தங்குவதில்லை. பேடைத் தாங்கும் தட்டின் பக்கவாட்டில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருப்பேன். மெஷின் ஓடும்போது அந்தக் கோடு சுற்றி வருவது கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றுவிட்டால் அழுத்தம் அதிகம், அல்லது வளைவில் பேட் சாய்ந்துவிட்டது என்று பொருள். அப்போது பேட் அதிர்கிறதே தவிர ஒழுங்காக வெட்டுவதில்லை. அரை மீட்டர்ச் சதுரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, நொடிக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் வேகத்தில், முந்தைய தடத்தின் பாதியை மூடியபடி, முதலில் கிடையாகவும் பிறகு நெடுக்காகவும் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு சதுரத்துக்குப் பிறகும் பேடைக் காற்றடித்தோ பிரஷ்ஷால் தட்டியோ சுத்தம் செய்ய வேண்டும்; அதில் சேர்ந்திருப்பது பழைய பாலிஷும் நாம் கழித்த கிளியர் கோட்டும்தான். கதவின் மடிப்பு, பானட்டின் முகடு போன்ற ஓரங்களில் பூச்சு இயல்பிலேயே மெல்லியது, பேடின் அழுத்தமும் அங்கேதான் குவியும். அந்த இடங்களுக்கு டேப் ஒட்டிவிட்டுக் கடைசியில் கையால் செய்வது நல்லது. பிளாஸ்டிக் பம்பரில் சூடு பரவிப் போக வழியில்லாததால் அங்கே இன்னும் கவனம் தேவை.

பாலிஷ் போடுவதால் கீறல் நிரம்பிவிடுகிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நடப்பது அதற்கு மாறானது: கீறலைச் சுற்றியுள்ள பரப்பு முழுவதும், கீறலின் அடிமட்டம் வரை இறக்கப்படுகிறது. ஒரு கீறல் 2 மைக்ரான் ஆழம் என்றால் அது முழுவதுமாக மறைய அந்த இடத்தில் 2 மைக்ரான் கிளியர் கோட் போயாக வேண்டும். விரல் நகத்தைக் குறுக்கே இழுக்கும்போது தட்டினால் அந்தக் கீறல் பாலிஷுக்கு அப்பாற்பட்டது. அதைத் துரத்திப் போகக் கூடாது. கூரான விளிம்புகளை மட்டும் மழுக்கிவிட்டால் ஒளி அங்கே சிக்காது. கீறல் இருக்கும், ஆனால் நின்று தேடினால்தான் தெரியும். நான் வண்டியைத் திருப்பித் தரும்போது இப்படி விட்டுவைத்த கீறல்களை ஒவ்வொன்றாக உரிமையாளரிடம் காட்டி, ஏன் விட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். "முழுசா எடுத்திருக்கலாமே, சார்" என்று கேட்பவர்களுக்குக் கேஜ் தாளைக் காட்டுவேன். நூறு விழுக்காடு திருத்தம் என்று விளம்பரம் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அன்றாடம் ஓடும் வண்டிக்கு எண்பது, எண்பத்தைந்து விழுக்காடு கீறல்கள் போனாலே கண்ணுக்கு நிறைவாக இருக்கும், அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு சிறு பங்குக்கும் இழக்கும் பூச்சு கூடிக்கொண்டே போகும்.

சில பாலிஷ்களில் எண்ணெயும் நிரப்பிகளும் இருக்கும். அவை கீறலுக்குள் உட்கார்ந்து அதை மறைத்துவிடும். சில முறை கழுவியதும் வெளியேறிவிட, கீறல்கள் அத்தனையும் திரும்பி வரும். சில நூறு ரூபாயோ பல்லாயிரமோ, கொடுத்த பணம் எவ்வளவானாலும் அந்த உரிமையாளர் ஏமாற்றப்பட்டவர்தான். இதைக் கண்டுபிடிக்கும் வழி எளியது. நீரில் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தெளித்துத் துடைத்துவிட்டு, மறுபடி விளக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். வேலையை ஒப்படைப்பதற்கு முன் உரிமையாளர் எதிரிலேயே இப்படித் துடைத்துக் காட்டத் தயங்குகிறவரிடம் வண்டியை விட வேண்டாம் என்றே சொல்வேன். செராமிக் கோட்டிங் என்னும் காப்புப் பூச்சைப் போடுவதற்கு முன்பும் இந்தத் துடைப்பு அவசியம். எண்ணெய் இருந்தால் கோட்டிங் கிளியர் கோட்டைப் பற்றாது.

காப்புப் பூச்சுகளில் பழையது மெழுகு. வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு அழகான ஆழத்தைத் தரும். சில வாரங்கள், மிஞ்சினால் இரண்டு மூன்று மாதம் நிற்கும். அதற்குப் பின் வந்த செயற்கை சீலன்ட்டுகள் அதைவிடக் கொஞ்சம் நீடிக்கும்.

செராமிக் கோட்டிங் என்பது சிலிக்கானை அடிப்படையாகக் கொண்ட சிலாக்ஸேன், பாலிசிலாஸேன் போன்ற சேர்மங்கள் கரைப்பானில் கலந்த திரவம். பூசியதும் கரைப்பான் ஆவியாகிறது. மீதி, காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து வலைப்பின்னலாக இறுகிக் கிளியர் கோட்டோடு பிணைகிறது. இறுகிய படலத்தின் கனம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்குச் சற்று முன்பின்னாகவே இருக்கும். பூசும் வேலையில் எல்லாம் நேரக் கணக்குதான். சிறு துண்டுத் துணி சுற்றிய கட்டையில் சில துளிகள் விட்டு, குறுக்கும் நெடுக்குமாகத் தடவினால், ஈரப்பளபளப்பு மெல்ல மாறி, தண்ணீரில் எண்ணெய் பரவியது மாதிரி வானவில் நிறங்கள் தோன்றும். அந்த நிறங்கள் ஒன்றோடொன்று கலைந்து சிறு முத்துகளாகச் சுருங்கத் தொடங்கும் தருணத்தில் மைக்ரோஃபைபர் துணியால் மட்டமாக்க வேண்டும். முந்தினால் கோட்டிங் துணியோடு வந்துவிடும். பிந்தினால் கறுத்த திட்டாக உறைந்துவிடும், பிறகு அதைப் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். வெக்கையிலும் ஈரக்காற்றிலும் இந்த இடைவெளி மிகவும் குறுகிவிடும் என்பதால் அன்றைய வானிலையைப் பொறுத்து ஒரு முறைக்கு எடுத்துக்கொள்ளும் பரப்பைக் குறைத்துக்கொள்வேன். துடைத்த துணியில் படிந்த கோட்டிங் காய்ந்ததும் கண்ணாடித் துகளாக இறுகிவிடும். அந்தத் துணியைத் துவைத்து இன்னொரு வண்டிக்கு எடுத்தால் கீறல் நிச்சயம். பூசி முடித்த வண்டி முதல் 24 மணி நேரம் நனையக் கூடாது, ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு ஷாம்பு படக் கூடாது.

விற்பனையில் அடிக்கடி கேட்கும் 9 எச் கடினம் என்ற பேச்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது பென்சில் சோதனையின் அளவு. குறிப்பிட்ட எடையில், 45 பாகையில் பென்சிலைத் தள்ளி, எந்தப் பென்சில் பூச்சில் தடம் பதிக்கிறது என்று பார்ப்பார்கள். 9 எச் அந்த வரிசையின் கடைசிப் பென்சில். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. குவார்ட்ஸ் மணலுக்கு முன் 9 எச் கோட்டிங்கும் கீறப்படும். தெறிக்கும் சரளைக்கல்லையும் அது தடுக்காது. அதற்கு 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள பாலியூரித்தேன் ஃபிலிம் ஒட்ட வேண்டும். நெடுஞ்சாலையில் அதிகம் ஓடும் வண்டிகளுக்கு முன்பம்பர், பானட் இரண்டுக்குமாவது அதை ஒட்டச் சொல்கிறேன்.

அப்படியானால் கோட்டிங்கால் என்ன பயன்? அழுக்கு ஒட்டும் பிடி தளர்வதால் கழுவுவது எளிதாகிறது. கழுவும்போது தேய்க்கும் தேவை குறைவதால் கீறல் விழும் வாய்ப்பும் குறைகிறது. பறவை எச்சமும் பூச்சிகளும் கிளியர் கோட்டை அரிப்பதற்கு முன் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது. நான் கோட்டிங் போடுவதும் இதற்காகவே. ஒரு குறையும் உண்டு. நீர் முத்துமுத்தாக நிற்பதைப் பார்த்து எல்லோரும் மகிழ்கிறார்கள். கடினத் தண்ணீராக இருந்தால் ஒவ்வொரு முத்தும் அங்கேயே வற்றி, கால்சியமும் மக்னீசியமும் வெள்ளை வளையமாகத் தங்கிவிடும். கழுவியதும் வண்டியைத் துடைத்து உலர்த்தாமல் வெயிலில் விடுகிறவர்களுக்குக் கோட்டிங் போட்ட வண்டியில்தான் வாட்டர் ஸ்பாட் தொல்லை அதிகம்.

ஓராண்டு கழித்துப் பலர் வந்து, தண்ணீர் முன்புபோல் உருள்வதில்லை, கோட்டிங் போய்விட்டது, மறுபடி பூச வேண்டும் என்கிறார்கள். பெரும்பாலும் கோட்டிங் அங்கேயே இருக்கிறது. அதன் மேல் கனிமப் படிவும் இரும்புத் துகளும் சாலைப் பிசுபிசுப்பும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. இரும்புத் திரவம் தெளித்து, மிதமான அமிலத்தன்மை உள்ள ஷாம்பு போட்டுக் கழுவி, மேலே ஸ்ப்ரே வடிவில் வரும் சிலிக்கா டாப்பர் ஒன்றைப் பூசினால் பல வண்டிகளில் நீர் பழையபடி உருளத் தொடங்கும். இதைச் செய்துபார்க்காமல் புதுக் கோட்டிங் பூச ஒப்புக்கொள்வதில்லை. காரணம், இறுகிய கோட்டிங்கைக் கழுவி நீக்க முடியாது, பாலிஷ் மெஷினால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். தேய்க்கும்போது அடியிலுள்ள கிளியர் கோட்டும் சேர்ந்தே போகும். முதல் நாள் கேஜ் வைத்து எழுதிய தாளில் ஒரு பிரதியை உரிமையாளரிடம் கொடுத்து, வண்டியின் ஆவணங்களோடு சேர்த்து வைக்கச் சொல்வது இதற்காகத்தான். அடுத்த முறை அந்த வண்டியை என்னிடம் கொண்டுவந்தாலும், வேறு யாரிடம் கொண்டுபோனாலும், மெஷினை எடுப்பவர் அந்த எண்களைப் பார்த்துவிட்டு எடுக்கட்டும்.